‘திடீரென அறுந்தது’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுச் செய்திகளிலும் உடல்நலக் கேள்வி-பதில்களிலும் ‘ஆடிக்கொண்டிருந்தபோது திடீரெனக் குதிகால் நரம்பு அறுந்தது’ என்ற வரி அடிக்கடி வருகிறது. இந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அறுந்தது நரம்பு அல்ல. அது திடீரென அறுந்ததும் அல்ல. முதல் பிழை சொல்லோடு போய்விடும். இரண்டாவது பிழையை நம்பித்தான் பலர் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இந்தக் கடிதம் சற்று நீளமாகிறது. பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறோம்.

மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோவது நரம்பு. எலும்போடு எலும்பைக் கட்டி வைப்பதை ஜவ்வு என்கிறோம். தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுசேர்க்கும் கயிறு தசைநாண். ‘தசைநார்’ என்ற சொல்லை ஒருவர் தசை இழைக்கும் இன்னொருவர் ஜவ்வுக்கும் மூன்றாமவர் நாணுக்கும் போடுவதால் வாசகர் குழம்பித்தான் போகிறார். கெண்டைக்கால் சதையிலிருந்து இறங்கிக் குதிகால் எலும்பின் பின்புறம் ஒட்டுகிற நாண்தான் உடம்பிலேயே தடித்தது, வலுவானது. ஏறத்தாழ 15 செ.மீ. நீளம். ஓடும்போது உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு இழுப்பு அதில் விழுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் ஓடினால் ஒவ்வொரு அடிக்கும் 400 கிலோவுக்கு மேல். இந்தக் கடிதத்தில் அதைக் குதிநாண் என்றே சொல்கிறோம்.

நல்ல நிலையில் உள்ள நாண் வெறும் இழுப்பினால் நடுவில் அறுவது மிக அரிது. 1933-இலேயே முயல்களின் நாணை இழுத்துப் பார்த்துச் சோதித்திருக்கிறார்கள். தசை கிழிந்தது, தசையும் நாணும் சேருமிடம் விட்டது, எலும்பில் ஒட்டியிருந்த இடம் பெயர்ந்து வந்தது. நலமான நாண் நடுவில் அறவில்லை. பிறகு 1991-இல் பின்லாந்து, ஹங்கேரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை இன்றுவரை இந்தத் துறையில் எடுத்துக்காட்டப்படுகிறது. வெட்டுக்காயம் எதுவுமின்றித் தானாக அறுந்த நாண்களை 891 பேரிடமிருந்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அவற்றில் ஒன்றுகூட நலமாக இல்லை. கண்ட மாற்றங்களில் 97 விழுக்காடு சிதைவு வகை. ஒப்பிட்டுப் பார்க்க, விபத்தில் இறந்த, அதுவரை நலமாயிருந்தவர்களின் 445 நாண்களையும் சோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு நன்றாக இருந்தன. மீதி மூன்றில் ஒரு பங்கில் அதே சிதைவு இருந்தது. அந்தக் கடைசி எண்ணை மனத்தில் வையுங்கள். நாண் நோவு என்று சொல்லாமலே நடமாடியவர்களிடம் அது இருந்திருக்கிறது.

சிதைவு என்றால் என்ன? நலமான நாணை அறுவை அரங்கில் பார்த்தால் வெள்ளையாக, பட்டுநூல் கற்றை போல மினுங்கும். தொட்டால் இறுக்கமாக இருக்கும். உள்ளே கொலாஜன் என்ற புரத இழைகள் ஒரே திசையில், இலேசான அலை வளைவோடு அடுக்கி நிற்கும். நாட்பட்டு நோயுற்ற நாண் மங்கிச் சாம்பலாகவோ பழுப்பாகவோ தெரியும்; விரல் அழுத்தினால் கொழகொழவென்று உள்வாங்கும். இழைகள் திசை தவறிக் கலைந்திருக்கும். இடையிடையே நீரை உறிஞ்சிப் பிடித்த கோழை போன்ற பொருள், சில இடங்களில் கொழுப்பு, சில இடங்களில் சுண்ணாம்பு. வலுவான முதல் வகைக் கொலாஜன் இருந்த இடத்தில் மெலிந்த மூன்றாம் வகை வந்திருக்கும். இல்லாத இடத்தில் புது இரத்தக் குழாய்களும் அவற்றோடு நரம்பு முனைகளும் நுழைந்திருக்கும். அறுந்த முனைகள் வெட்டிய கயிறு போல இருக்காது. ஊறவைத்து அடித்த தேங்காய் நார் போலப் பிரிந்து தொங்கும். பல ஆண்டு வேலையை ஒரு நொடியில் பார்ப்பது போன்ற காட்சி அது.

அறுகிற இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே. அங்கே இரத்த ஓட்டம் குறைவு. நாணின் பழுது எளிதில் நீங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1955 முதல் 1963 வரை திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகியது. அப்போது வளர்ந்துகொண்டிருந்தவர்களின் திசுக்களிலும் அது ஏறியது. திசு புதுப்பிக்கப்பட்டால் அது வெளியேறிவிடும், இல்லையென்றால் அங்கேயே தங்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் அந்தக் கார்பனைக் குதிநாணில் அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகும் நாணின் உட்பகுதி அதன் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. தோல் உரிந்து வளர்கிறது, எலும்பு கூடத் தன்னை மாற்றிக்கொள்கிறது. நாற்பத்தைந்து வயதில் நாம் ஷட்டில் ஆடுவது பள்ளிக்கூடக் காலத்தில் திரித்த கயிற்றை வைத்துக்கொண்டுதான்.

இப்போது குழப்பமான பகுதிக்கு வருகிறோம். நோய்க்கும் அறுதலுக்கும் தொடர்பு உறுதி என்றால், வலி உள்ளவர்களுக்கெல்லாம் நாண் அறுந்துவிடுமா? இல்லை. குதிநாண் வலியோடு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது அறுவதே இல்லை. மறுபுறம், அறுந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் ‘அதற்கு முன்னால் வலியே இல்லையே’ என்கிறார்கள். இரண்டும் உண்மை. திசுவில் உள்ள நோய்க்கும் அறுதலுக்கும் தொடர்பு நெருக்கமானது. நாம் உணரும் வலிக்கும் திசுவில் உள்ள நோய்க்கும் தொடர்பு தளர்வானது. சிதைந்த பகுதி பெரும்பாலும் ஊமையாகக் கிடக்கிறது. வலி வருவது அதைச் சுற்றித் திசு வீங்கி எரிச்சலடையும்போதுதான். ஒருவகையில் வலிக்கிற நாண் அதிர்ஷ்டம் செய்தது. வலிப்பதால் அதன் சொந்தக்காரர் காலைக் காத்துக்கொள்கிறார், ஆட்டத்தைக் குறைக்கிறார், மருத்துவரிடம் போகிறார். ஊமை நாணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே நாங்கள் மிகவும் அஞ்சுவது நோயுற்ற நாணின் வலியை மட்டும் எடுத்துவிடும் வைத்தியத்தைத்தான்.

சீனத் தடைதாண்டு ஓட்ட வீரர் லியு சியாங் உலகமே பார்த்த எடுத்துக்காட்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டரை 12.91 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியவர். 2008-இல் சொந்த மண்ணில், பெய்ஜிங்கில், குதிநாண் நோவினால் முதல் சுற்றிலேயே தடம் விட்டு வெளியேறினார். அந்த ஆண்டு கடைசியில் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை. மீண்டு வந்து 2011 உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 2012 ஆகஸ்ட் 7 அன்று லண்டனில் முதல் தடையிலேயே விழுந்தார். அதே வலது காலின் குதிநாண் அறுந்திருந்தது. நோயுற்ற நாணோடும் உலகத் தரத்தில் ஓட முடியும் என்பதையும், ஓட முடிவதே நாண் தேறிவிட்டதற்குச் சான்று ஆகாது என்பதையும் அவர் கால் ஒன்றே காட்டியது. ‘திடீர்’ என்ற சொல்லுக்கு அங்கே இடம் எங்கே?

நம்மூரில் குதிநாண் நோய் எப்படித் தெரியவரும்? காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் பத்திருபது அடி இறுக்கமாக இருக்கும். நடக்க நடக்க விட்டுவிடும். ஓடத் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடேறியதும் மறையும், மறுநாள் காலை கூடுதலாகத் திரும்பும். குதிகாலுக்கு இரண்டு மூன்று விரல் அகலம் மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணைக் கிள்ளிப் பிடித்தால் ஓரிடத்தில் சுருக்கென்று நோகும். இரு காலையும் ஒப்பிட்டால் ஒன்று தடித்திருக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் முன்பின் கனம் நலமான நாணில் 4 முதல் 6 மி.மீ. இருக்கும், நோயுற்றதில் 10 மி.மீ. தாண்டுவதும் உண்டு. தடிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். பழுதானதை ஈடுகட்ட உடம்பு கூடுதல் திசுவைச் சேர்ப்பதன் விளைவும் அதில் இருக்கிறது. ஆனால் வலியே இல்லாமல் இரண்டு குதிநாணும் முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தால் இரத்தக் கொழுப்பைச் சோதியுங்கள். பரம்பரைக் கொழுப்பு மிகுதியில் நாணுக்குள் கொழுப்பு படிகிறது. அந்தக் கால் இதயத்தைப் பற்றிச் சொல்கிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயும் கொலாஜனில் சர்க்கரை ஒட்டி நாணை விறைக்கச் செய்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தொடைத் தசையின் நாண் முழங்காலுக்கு மேலே அறுவதுண்டு, சில நேரம் இரு காலிலும் ஒருசேர.

மருந்துச் சீட்டில் பலகாலமாக ‘டெண்டினைட்டிஸ்’ என்று எழுதுகிறோம். அழற்சி என்று பொருள். நாட்பட்ட நாணில் வழக்கமான அழற்சி மிகக் குறைவு. நடப்பது சிதைவும் முற்றுப்பெறாத பழுதுபார்ப்பும். அதனால்தான் வலி மாத்திரை பத்து நாள் அடக்கி வைக்கிறதே தவிர நாணை மாற்றுவதில்லை. முழு ஓய்வும் அப்படியே. ஆறு வாரம் கால் நீட்டி இருந்தால் வலி போகும். கூடவே கெண்டைக்கால் சதையும் வற்றும், நாணின் விறைப்பும் தளரும். ‘சரியாகிவிட்டது’ என்று ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இறங்கினால் முன்பைவிட மெலிந்த காலில் பழைய சுமை ஏறுகிறது. ஓய்வு, ஆட்டம், வலி, மறுபடி ஓய்வு என்று இரண்டு மூன்று ஆண்டு சுற்றுகிறவர்கள் ஏராளம்.

நாணுக்கு மருந்து சுமைதான், அளந்து கொடுக்கிற சுமை. ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் குழு 1998-இல் வெளியிட்ட முறைக்கு மாடிப்படி ஒன்று போதும். படியின் விளிம்பில் இரு கால் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை உயர்த்துங்கள். எடை முழுவதையும் நோவுள்ள காலுக்கு மாற்றிக் குதிகாலைப் படி மட்டத்துக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள். ஏறும்போது நல்ல காலால் ஏறுங்கள்; நோவுள்ள காலுக்கு இறக்கம் மட்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் 3 சுற்று, சற்று மடக்கி 15 முறை வீதம் 3 சுற்று. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. நாளுக்கு 180 இறக்கம், வாரம் 7 நாள், 12 வாரம். எளிதாகிவிட்டால் முதுகுப் பையில் 5 கிலோ அரிசி வைத்துக்கொள்ளலாம். அது எளிதானால் இன்னும் கூட்டலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு 180 கட்டுப்படியாகவில்லை என்றால் வாரம் 3 நாள் மட்டும் கனமாகச் செய்கிற முறை இருக்கிறது: 3 விநாடி ஏற்றம், 3 விநாடி இறக்கம், முதலில் 15 முறை தாங்குகிற எடை, பிறகு வாரங்கள் போகப்போக 12, 10, 8, 6 என்று எண்ணிக்கை குறைந்து எடை கூட வேண்டும். 2015-இல் இரண்டையும் ஒப்பிட்டபோது பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கனமாகச் செய்தால் ஒருநாள் இடைவெளி கட்டாயம். சுமை ஏறிய முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை கொலாஜன் ஆக்கத்தைவிட அழிவே மேலோங்கியிருக்கும். கணக்கு அதற்குப் பிறகுதான் வரவாகிறது.

வலி வந்தால் நிறுத்திவிட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பத்துக்கு ஐந்து வரை பரவாயில்லை. மறுநாள் காலை அந்த முதல் பத்து அடியைக் கவனியுங்கள். இறுக்கம் முந்தைய நாள் போலவே இருந்தால் சுமை சரி. கூடியிருந்தால் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். நோவு எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. அங்கே நாண் எலும்பின் மேல் நசுங்குகிறது. தரையில் நின்றே செய்ய வேண்டும், செருப்பின் குதியில் சிறு மேடு வைத்துக்கொள்ளலாம், காலை நீட்டி இழுக்கிற பயிற்சியைத் தள்ளிவைக்க வேண்டும்.

இந்தப் பயிற்சி பலிக்காமல் போவதற்கு நாங்கள் காணும் காரணங்கள் இவை. மூன்றாம் வாரம் வலி குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அல்லது ஆறு மாதமும் எடை கூட்டாமல் ரப்பர் பட்டையையே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அல்லது நான்காம் வாரமே குதிக்கத் தொடங்குகிறார்கள். ஒற்றைக் காலில் குதிகாலை 25 முறை முழு உயரத்துக்கு, மற்றக் காலுக்குச் சமமாக, ஏற்ற முடிகிற வரை ஓட்டம் வேண்டாம். அதன் பிறகு கயிறாட்டம், பிறகு ஒற்றைக் கால் குதிப்பு, பிறகு மெதுவோட்டம், கடைசியாக விரைவோட்டமும் ஷட்டிலும். சிதைந்த பகுதி புத்தம்புதிதாக மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. சுற்றியுள்ள நல்ல இழைகள் தடிக்கின்றன, தசை தன் பங்கைத் தாங்குகிறது. அது போதும்.

ஊசி பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குதிநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடக் கூடாது. வலி இரண்டு நாளில் பறந்துவிடும், அதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு கொலாஜன் ஆக்கத்தைத் தடுத்து நாணை மெலிய வைக்கும் அதே வாரங்களில், வலி இல்லாத மகிழ்ச்சியில் அவர் முழு வேகத்தில் ஓடுகிறார். ‘டோர்னமென்ட் இருக்கு, ஒரு ஊசி போட்டுவிடுங்கள்’ என்று கேட்கிற பயிற்றுநர்களுக்கும் பெற்றோருக்கும் இதைத்தான் சொல்கிறோம். பெயரும் சேர்மானமும் அச்சிடாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஊசியே போடாதவர் உடம்பிலும் அது சேர்ந்திருக்கலாம்.

அடுத்தது, வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாத்திரைகள். இந்தக் குடும்பத்து மருந்துகள் நாணை அழற்சிக்கும் அறுதலுக்கும் ஆளாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் கடும் எச்சரிக்கை போடச் செய்தது. 60 வயது தாண்டியவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சிறுநீரகம், இதயம், நுரையீரல் மாற்று சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். மிக அதிகம் பாதிக்கப்படுவது குதிநாண். மாத்திரை தொடங்கிய சில நாளிலும் வரலாம், முடித்துச் சில மாதம் கழித்தும் வரலாம். இவை உயிர் காக்கும் மருந்துகள்தான். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. தின்கிற நாளில் குதிகாலுக்கு மேலே புதிதாக வலி கிளம்பினால் ஓட்டத்தையும் பயிற்சியையும் அன்றே நிறுத்துங்கள், மருந்தை மாற்ற முடியுமா என்று உடனே மருத்துவரைக் கேளுங்கள். ஏற்கெனவே நாண் நோய் உள்ளவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி, அறுந்த அன்றைக்கு. பெரும்பாலும் 30 முதல் 50 வயது ஆண்கள். ஷட்டிலில் பின்னால் போய் அடித்துவிட்டு வலையை நோக்கிப் பாய, பின்கால் முழங்கால் நீண்டு தரையை உந்துகிற நொடி. அல்லது தெரியாமல் குழியில் முன்பாதம் இறங்குகிற நொடி. ‘டப்’ என்ற சத்தம். யாரோ பின்னாலிருந்து உதைத்ததாகத் தோன்றித் திரும்பிப் பார்ப்பார்கள்; யாரும் இருக்க மாட்டார்கள். முதல் வலி சில நிமிடத்தில் அடங்கிவிடும். நொண்டிக்கொண்டு நடக்கவும் முடியும். பாதத்தைக் கீழ்நோக்கி அசைக்கவும் முடியும். கால்விரல்களை மடக்கும் தசைகளும் கணுக்காலின் இருபுறத் தசைகளும் அந்த வேலையைக் கொஞ்சம் செய்துவிடும். இந்த அசைவுதான் ஏமாற்றுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கும், ‘சுளுக்குதான்’ என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள். ஐந்தில் ஒன்று வரை முதல் பார்வையில் தவறிப்போவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

தவறவிடாமல் இருக்க ஸ்கேன்கூட வேண்டாம். ஆளைக் குப்புறப் படுக்கவைத்துப் பாதங்கள் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கெண்டைக்கால் சதையின் தடித்த பகுதியை உள்ளங்கையால் அழுத்திப் பிசையுங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி வளையும். நாண் அறுந்த காலில் அசையாது. முதலில் நல்ல காலில் செய்து பார்த்தால் வேறுபாடு கண்ணில் அறையும். அதே நிலையில் இரு முழங்காலையும் செங்குத்தாக மடக்கச் சொன்னால் நல்ல பாதம் சற்று நீட்டி நிற்கும், அறுந்த பாதம் தளர்ந்து சாயும். முதல் சில மணி நேரத்தில் விரலால் தடவினால் நாணில் ஒரு பள்ளம் தட்டுப்படும். பிறகு இரத்தம் கட்டி அதை மூடிவிடும், அதனால் பள்ளம் இல்லை என்பதை நம்பாதீர்கள்.

அன்று செய்ய வேண்டியது: காலை ஊன்றாமல், கால்விரல் கீழ்நோக்கி இருக்கும்படி அட்டை வைத்துக் கட்டி, மருத்துவமனைக்குப் போவது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் போட்டு நீவுவது, சுளுக்கெடுப்பது, காலை முட்டுக்கொடுத்து மேல்நோக்கி வளைப்பது கூடவே கூடாது. அறுந்த முனைகள் இன்னும் விலகிப்போகும். நான்கு வாரம் தாண்டினால் இடைவெளியைத் தழும்பு நிரப்பி நாண் நீண்டுபோகும். அப்புறம் கால் கட்டைவிரலை மடக்கும் நாணை எடுத்து இங்கே ஒட்டவைப்பது போன்ற பெரிய அறுவைதான் வழி.

முதல் இரண்டு வாரத்துக்குள் வந்தால் அறுவை கட்டாயமில்லை. நார்வேயில் 526 பேரை வைத்து நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் அறுவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் நடை, ஓட்டத் திறனில் வேறுபாடு இல்லை. மறுபடி அறுந்தது அறுவை இல்லாதவர்களில் 6.2 விழுக்காடு, அறுவை செய்தவர்களில் 0.6 விழுக்காடு. அதே சமயம் நரம்புக் காயம் அறுவையில் கூடுதல். எதைத் தேர்ந்தாலும் பாதம் கீழ்நோக்கிய நிலையில் தொடங்கி, கணுக்காலை அசையாமல் பிடிக்கும் பூட்ஸுக்குள் வைத்த குதிமேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஏறத்தாழ எட்டு வாரத்தில் சமநிலைக்கு வர வேண்டும். அவசரப்பட்டு நாணை இழுத்து நீட்டினால் அது நீளமாகவே ஆறிவிடும்; பிறகு எவ்வளவு பயிற்சி செய்தாலும் குதிகால் முழு உயரத்துக்கு எழாது. கட்டுக்குள் இருக்கும் காலில் இரத்தக்கட்டி உண்டாகலாம். கெண்டைக்கால் வீங்கிக் கனத்தாலோ மூச்சு வாங்கினாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. நாணைக் குறிக்கும்போது ‘நரம்பு’, ‘ஜவ்வு’ என்ற இடத்தில் ‘தசைநாண்’ என்று போடுங்கள். யாருக்காவது நாண் அறுந்த செய்தி வரும்போது, அதற்கு முன் அவருக்கு நாண் நோய் இருந்ததா, ஊசி போட்டிருந்தாரா, எந்த மாத்திரை எடுத்தார் என்று உங்கள் செய்தியாளர் ஒரு கேள்வி கேட்கட்டும்.

ஒரு காலின் நாண் அறுந்து தேறியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுந்த காலுக்கு இருந்த வயது, மருந்து, சர்க்கரை, ஆட்டப் பழக்கம் எல்லாமே மற்றக் காலுக்கும் உண்டு. அது அறுகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். தைத்த காலுக்குப் பயிற்சி கொடுக்கும் நாளிலேயே நல்ல காலையும் படியில் நிறுத்துங்கள், அதே 15 முறை, அதே 3 சுற்று.

இங்ஙனம்,
எலும்பு மூட்டு மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும்,
மதுரை